மிக்சி ஜாரில் மாமனார்

மாமனாரிடம் கோபித்துக்கொண்ட மருமகன்கள் ஊரில் ஏராளம். மறுவீட்டு விருந்தில் கறி குறைந்துவிட்டது என்று வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தவர்களை எனக்கே தெரியும். ஆனால் மாமனாரைக் கை நீட்டி அடித்தவன், எனக்குத் தெரிந்து, மதுரை ஜில்லாவில் நான் ஒருவன்தான். அதுவும் அவர் செத்துப்போன முப்பதாம் நாள் படையலில், சொந்தபந்தம் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய பேப்பரைச் சுருட்டியே அடித்தேன். (சிரிக்காதீர்கள். சரி, சிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டிலேயே சிரித்து ஓய்ந்துவிட்டார்கள்.)

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழங்காநத்தத்தில் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன மோட்டாரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவேன். கரண்டுக்குப் பயப்படமாட்டேன். பெண்டாட்டிக்கும் பயப்படமாட்டேன் (இதை அவள் படிக்கமாட்டாள் என்ற தைரியம்). எனக்குப் பயம் ஒன்றே ஒன்றுக்குத்தான். குளவி. ஆறாம் வகுப்பில் குரூப் போட்டோ எடுக்கிற அன்றைக்குப் பார்த்து மேலுதட்டில் ஒன்று கொட்டிவிட்டது. அந்தப் போட்டோவில் நான் மட்டும் வாயில் பணியாரத்தை ஒட்டவைத்ததுபோல நிற்பேன். அன்றிலிருந்து காதுக்குப் பக்கத்தில் ‘ங்’ என்று சத்தம் கேட்டாலே போதும், கை தானாக எதையாவது எடுத்துச் சுருட்டும்.

இப்படிப்பட்டவனுக்கு, காளையின் திமிலைப் பிடித்துத் தொங்குகிற அவனியாபுரத்தில் போய்ப் பெண் எடுத்தார்கள். மச்சினன் பாண்டி வருஷா வருஷம் வாடிவாசல் முன்னால் நிற்கிறவன். பூச்சிக்குப் பயந்து மாமியார் வீட்டு ஜன்னலைச் சாத்துகிற என்னை அவன் எப்படிப் பார்த்திருப்பான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாமா டவுன் பஸ் டிரைவர். நாளெல்லாம் மாட்டுத்தாவணிக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் ஹாரன் அடித்து அடித்து, அவருக்கு ஒதுக்கப்பட்ட சத்தம் அத்தனையும் ரோட்டிலேயே தீர்ந்துவிட்டதோ என்னவோ, வீட்டில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். நாங்கள் பெண் பார்க்கப் போன அன்று என் அப்பா, “பையனுக்குச் சொந்தக் கடை இருக்கு” என்றார். மாமா “ம்” என்றார். “கெட்ட பழக்கம் எதுவும் கெடையாது.” “ம்.” “அப்ப பொண்ணக் குடுக்குறீகளா?” அதற்கும் “ம்”தான். என் கல்யாணம் மூன்று ‘ம்’மில் முடிந்தது.

அத்தைதான் அவருக்கும் சேர்த்துப் பேசுவார். தண்ணீர் லாரி லேட்டாக வந்தது, எதிர்வீட்டில் குழம்பு தீய்ந்தது, திருவாதவூரில் இருக்கும் அக்கா போன் பண்ணியது, எதையும் விடமாட்டார். மாமா ரிட்டயர் ஆன பிறகு இரண்டு பேரும் சாயந்திரமானால் வாசலில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அத்தை பேசுவார். மாமா மாலைப் பேப்பரைப் பிடித்துக்கொண்டு “ம்” சொல்லிக்கொண்டிருப்பார். இவர் நிஜமாகவே கேட்கிறாரா, இல்லை பேப்பரில் இருக்கிற செய்திக்கு ‘ம்’ போடுகிறாரா என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம்.

நாற்காலிகளுக்குப் பக்கத்தில் ஒரு கார்டினியா செடி. ரிட்டயர் ஆன மாசத்தில் அத்தைக்காக நர்சரியில் மாமா வாங்கி வந்தது. வெள்ளைவெளேர் என்று ரோஜா அளவுக்குப் பூக்கும். பூத்தால் தெருமுனை வரைக்கும் வாசம் போகும். அந்தச் செடிக்கு ஒரு விரோதி உண்டு. இலை நிறத்திலேயே சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு புழு, வாலில் ஒரு கொம்பு. ராத்திரி நாம் தூங்கப் போகும்போது இலையாக இருந்தது காலையில் குச்சியாக நிற்கும். மாமா கோபப்பட்டு நான் பார்த்தது அந்தப் புழுவிடம் மட்டும்தான். செருப்பைக் கழற்றிவிடுவார்.

அந்த வருஷம் சித்திரைத் திருவிழாவெல்லாம் நன்றாகப் பார்த்துவிட்டு வந்த மனிதர், ஆடி மாசத்தில் ஒரு சாயந்திரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். இதயம் என்றார்கள். பேப்பர் மடியிலேயே இருந்தது.

அத்தை அழவில்லை. அது எங்களுக்கு முதலில் நல்லதாகத் தெரிந்தது, பிறகுதான் பயமாகிவிட்டது. அவர் பேசவும் இல்லை. அந்த வீட்டில் சுவர்க்கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது எனக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை. சாப்பாட்டுத் தட்டை வைத்தால் அப்படியே இருக்கும். சர்க்கரை வியாதிக்காரி, மாத்திரை போட்டாக வேண்டும், மாத்திரைக்குச் சாப்பிட்டாக வேண்டும். என் மனைவி செல்வி ஊட்டிவிட்டால் இரண்டு வாய், அதற்குமேல் உதட்டைத் திறக்கமாட்டார். “இப்படியே போனா எங்கம்மாவும் போயிரும்ங்க” என்று செல்வி ஒருநாள் அடுப்படியில் நின்று அழுதாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், அவர்கள் வீட்டு மிக்சியைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம்தான் அது வந்தது.

நான் கடையில் இருந்தபோது செல்வி போன் செய்தாள். குரலே வேறு மாதிரி இருந்தது. “என்னங்க, அப்பா வந்திருக்காக!” எனக்குக் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவர் விழுந்துவிட்டது. கார்டினியா செடிகிட்ட ஒரு பட்டாம்பூச்சி வந்ததாம். வந்து, அத்தை உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றதாம். அத்தை வாயைத் திறந்து, “இம்புட்டு நாளா எங்க போனீக?” என்று கேட்டாராம். கேட்டதோடு இல்லாமல் ஒரு இட்லி முழுசாகச் சாப்பிட்டாராம்.

அதற்குப் பிறகு தினமும் வந்தது. வெயில் ஏறுகிற நேரத்தில் வரும், அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுப் பேசுவார், பேசி முடித்துச் சாப்பிடுவார். மாத்திரை உள்ளே போனது. கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. எனக்குக் கடையை விட்டுப் பகலில் வர முடியாததால் நான் அதைப் பார்க்கவே இல்லை. பட்டாம்பூச்சி என்றதும் பாடப்புத்தகத்தில் இருக்கிறபடி மஞ்சளும் கறுப்புமாக, அகலமாக இறக்கையை விரித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் அசைந்து வரும் ஒன்றை மனதில் வைத்திருந்தேன். என் மாமனாருக்கு அது பொருத்தமாகத்தான் பட்டது. அவரும் சத்தம் போடாதவர்தானே.

முப்பதாம் நாள் வந்தது. வாசலில் பந்தல் போட்டு, அத்தை சொன்னபடி கார்டினியா செடிக்குப் பக்கத்திலேயே மாமாவின் படத்தை வைத்தோம். படத்துக்குச் சம்பங்கி மாலை. முன்னால் இலை விரித்துக் கறிக்குழம்பு, அவித்த முட்டை, வெற்றிலை பாக்கு, அவருக்குப் பிடித்த கடலை மிட்டாய், எல்லாவற்றுக்கும் ஓரத்தில் அன்றன்றைக்கு அவர் படிக்கிற மாலைப் பேப்பர். முந்தின நாள் பேப்பர்தான் கிடைத்தது. “செத்தவுகளுக்கு எல்லாம் ஒரே நாள்தேன், வைங்க” என்று அத்தையின் அக்கா, திருவாதவூர் பெரியம்மா தீர்ப்புச் சொன்னதால் வைத்தோம்.

சூடம் காட்டுகிற நேரத்தில் நான் பின்பக்கம் பாய்லர் பைப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். (மிக்சி ரிப்பேர்க்காரன் எங்கே போனாலும் ஏதாவது ஒன்றைச் சரி பண்ணச் சொல்லி நீட்டுவார்கள்.) கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அத்தனை பேரும் கையெடுத்துக் கும்பிட்டபடி அசையாமல் நிற்கிறார்கள். படையலுக்கு வந்தவரைக் கும்பிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தையின் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி, கட்டைவிரல் பருமனில், பச்சையும் மஞ்சளுமாக, நடுவில் சிவப்புப் பட்டை போட்டு, வாலில் கறுப்புக் குஞ்சம் விரித்து, இறக்கையே கண்ணுக்குத் தெரியாமல், ‘ம்ம்ம்ம்’ என்று ஒரே இடத்தில் நிற்கிற ஒரு பிசாசு. நான் வாழ்க்கையில் பார்த்த குளவிகளுக்கெல்லாம் அது தாத்தா.

ஜனங்கள் பயத்தில் உறைந்து நிற்கிறார்கள் என்றே நினைத்தேன். மாடு பிடிக்கிற பாண்டிகூட நிற்கிறானே! சரி, இன்றைக்கு நாம் யார் என்று காட்டிவிடுவோம் என்று எங்கிருந்தோ ஒரு வீரம் வந்தது. “அத்தை, அசையாதீங்க!” என்று கத்தியபடி பாய்ந்தேன். கைக்குக் கிடைத்தது படையலில் இருந்த பேப்பர். சுருட்டினேன். ஓங்கி ஒரே அடி.

அடி நன்றாக விழுந்தது. பேப்பரின் மறுமுனை படத்தில் பட்டு, மாமா முகம் குப்புறக் கறிக்குழம்பில் விழுந்தார்.

விமானம் ஒன்று ரொம்பத் தாழ்வாக ஏர்போர்ட்டுக்கு இறங்கிப் போனது. அது போன பிறகு திருவாதவூர் பெரியம்மா வாயைத் திறந்தார்.

“அடப்பாவி! வந்த மனுசன ஒரு வாய் திங்கவிட்டியா?”

“பெரியம்மா, அது குளவி…”

“மச்சான்,” பாண்டி மெதுவாகச் சொன்னான், “அது அப்பா.”

நான் செல்வியைப் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. கையில் சுருட்டிய பேப்பர் அப்படியே இருந்தது. அதைக் கீழே போடவும் முடியவில்லை, படையலில் திருப்பி வைக்கவும் முடியவில்லை. பந்தலில் யாரோ ஒரு ஆள், “அவர் பேப்பராலயே அவர அடிச்சுட்டாப்ளையே” என்று பக்கத்து ஆளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தைதான் முன்னால் வந்தார். குனிந்து, சம்பங்கி மாலையில் சிக்கிக் கிடந்ததை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செடியின் அடியில் மண்ணைத் தள்ளி அதை வைத்து மூடிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு அந்த வீட்டில் சமைத்த கறியை ஊரே சாப்பிட்டது, அத்தை சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. எனக்கு யாரும் இலை போடவில்லை என்பதும் ஒரு காரணம்.

மறுபடியும் பழையபடி ஆகிவிட்டது. பழையபடிகூட இல்லை, அதைவிட மோசம். அத்தை நாற்காலிக்கே வருவதில்லை. ஒரு வாரத்தில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து டிரிப் ஏற்றிக் கூட்டிவந்தோம். “சாப்பிடவைக்கிறது உங்க கையிலதான் இருக்கு” என்று டாக்டர் சொன்னார். செல்வி என் கையைத்தான் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலாம். அவள் திட்டவில்லை. ராத்திரி சோறு போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒரு அடியில் ஒரு மனுஷியைக் கொன்றுகொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தோன்றியது. அதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அந்த நாட்களில் நான் கடையைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஒருநாள் ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்க அவனியாபுரம் போயிருந்தேன். பாண்டி முதுகில் மருந்தடிக்கிற டேங்க்கை மாட்டிக்கொண்டு செடி முன்னால் நிற்கிறான். செடி பாதி மொட்டை. கொம்புப் புழு நிறைய.

“அப்பா இருந்தா விட்டிருக்கமாட்டாக மச்சான். இன்னைக்கு எல்லாத்தையும் காலி பண்றேன்” என்றான்.

சும்மா ஒரு படம் எடுத்து போனில் தேடிப் பார்த்தேன். தேடியதும் முதலில் வந்தது புழு. அதற்குக் கீழேயே இன்னொரு படம். பச்சையும் மஞ்சளும், சிவப்புப் பட்டை, வாலில் குஞ்சம். பட்டாம்பூச்சியும் இல்லை, குளவியும் இல்லை. பகலில் பறக்கிற ஒரு அந்துப்பூச்சி. குளவி மாதிரி வேஷம் போட்டால் யாரும் கிட்டே வரமாட்டார்கள் என்று அப்படி ஒரு உடம்பு. (என் விஷயத்தில் அந்தத் திட்டம் வேலை செய்யவில்லை.) அது தினமும் இந்த வாசலுக்கு வந்தது இந்தச் செடிக்காகத்தான். இலைக்கு அடியில் முட்டை வைக்க. அப்படியென்றால் நான் அடித்தது பெண்பூச்சி. பந்தலில் முப்பது பேர் கையெடுத்துக் கும்பிட்ட மாமனார், பிள்ளைத்தாச்சி.

“பாண்டி, நிறுத்து!” என்று டேங்க்கைப் பிடித்து இழுத்தேன். “இது அப்பாவோட பிள்ளைகடா!”

பாண்டி என்னை மேலும் கீழும் பார்த்தான். மச்சானுக்குக் குற்ற உணர்ச்சியில் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பான். படத்தைக் காட்டி விளக்கிய பிறகும் அவன் முகம் மாறவில்லை. ஆனால் மருந்தடிக்கவில்லை.

பெரிய புழுவாக நாலைந்தைப் பிடித்துக் கடைக்குக் கொண்டுவந்தேன். வைப்பதற்கு என்ன இருக்கிறது? யாரோ திரும்ப வாங்காமல் போன பெரிய மிக்சி ஜார் ஒன்று கிடந்தது. பிளேடைக் கழற்றினேன். அடியில் ஈரமண், மேலே கார்டினியா கிளை, வாயில் கொசுவலைத் துணி, ஒரு ரப்பர் பேண்டு. அது பகலும் தின்னும், ராத்திரியும் தின்னும். மிளகு மிளகாகப் பீ போடும், அதைத் தினமும் அள்ள வேண்டும். தோலை உரித்துப் போட்டுவிட்டு அந்தத் தோலையே தின்னும். இலை காய்ந்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். பெற்ற பிள்ளைக்குக்கூட நான் இவ்வளவு செய்ததில்லை என்று செல்வி பிறகு சொல்லிக்காட்டினாள். சட்னி அரைக்க ஜார் வேண்டும் என்று வந்த ஒரு அம்மா, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அதற்குப் பிறகு என் கடைப் பக்கம் வரவே இல்லை.

ஒரு புழு திடீரென்று தின்பதை நிறுத்தி அசையாமல் உட்கார்ந்தது. மறுநாள் அதன் முதுகில் அரிசி அரிசியாக வெள்ளையாக என்னமோ ஒட்டியிருந்தது. ஆஹா, இதுதான் கூடு என்று சந்தோஷப்பட்டுக் காத்திருந்தேன். அந்த அரிசிகளைத் திறந்துகொண்டு கொசு அளவில் வெளியே வந்தவை என்ன தெரியுமா? குளவிகள். உள்ளேயிருந்தே தின்று வளர்ந்த நிஜக் குளவிகள்! ஜாரை மேசையிலேயே விட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடிவந்து நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, வேறு வழியில்லாமல், வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனேன். மிச்சப் புழுக்களைக் காப்பாற்ற வேண்டுமே. அன்றைக்குத்தான் நான் முதல்முதலாகக் குளவி இருக்கிற அறைக்குள் என் காலால் நடந்து போனது.

அப்புறம் இன்னொன்று செத்தது, இன்னொன்று மண்ணுக்குள் போய் அழுகிவிட்டது. கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அது பச்சை நிறம் மங்கி, அழுக்கு நிறமாகி, ஜாரைச் சுற்றிச் சுற்றி நடந்து, மண்ணுக்குள் புகுந்துகொண்டது. மேல்மண்ணை விலக்கிப் பார்த்தால் பேரீச்சங்கொட்டை மாதிரி பழுப்பாக ஒரு கூட்டுப்புழு. தொட்டால் லேசாக நெளியும். இதற்குமேல் நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. ஊதலாம், ஈரம் தெளிக்கலாம், கும்பிடலாம். மூன்றையும் செய்தேன். அவனியாபுரத்திலிருந்து தினமும் செல்வி ஒரே செய்தியைத்தான் சொல்வாள். “ரெண்டு வாய் கஞ்சிங்க. அம்புட்டுத்தேன்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்கினால், ஜாருக்குள் குச்சியில் அது ஏறி உட்கார்ந்திருந்தது. இறக்கை கசங்கிய துணியாகத் தொங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிந்தது. ஆனால் விரிந்த இறக்கை சாம்பல் நிறத்தில் மங்கலாக இருந்தது. நான் அடித்ததற்கு இறக்கையே தெரியவில்லையே, இது வேறு ஜாதியோ என்று திக்கென்றது. யோசிக்க நேரமில்லை. வண்டி ஓட்டிக்கொண்டு ஜாரைப் பிடிக்க முடியாது என்று ஷேர் ஆட்டோவில் ஏறி மடியில் வைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் இருந்தவர் கேட்டார். “அண்ணே, ஜார்ல என்னண்ணே?”

“மாமனாரு” என்றேன். இருந்த பதற்றத்தில் வாயில் அதுதான் வந்தது. அவர் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிக்கொண்டார்.

வீட்டில் செல்வியும் பாண்டியும் சேர்ந்து அத்தையைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பாதியாகிப் போயிருந்தார். நான் அவர் முன்னால் மண்டி போட்டு, கொசுவலையை எடுத்து, குச்சியோடு அதை வெளியே எடுத்து நீட்டினேன்.

“அத்தை, மாமாவக் கூட்டியாந்திருக்கேன்.”

அது கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு நடுங்க ஆரம்பித்தது. இறக்கை இரண்டும் படபடவென்று துடிக்க, அதன் மேலிருந்த சாம்பல் அத்தனையும் பொடியாக உதிர்ந்து அத்தையின் சேலை மடியில் விழுந்தது. விபூதியே கொட்டின மாதிரி. இறக்கை கண்ணாடியாகிவிட்டது, அதற்குப் பின்னால் இருந்த செடி தெரிந்தது. ‘ம்ம்ம்’ என்று சத்தம் எழும்பியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாண்டி கையெடுத்துக் கும்பிட்டான்.

அது எழும்பி, அத்தையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி, எதிர்வீட்டு மாடியைத் தாண்டி, போயே போய்விட்டது.

நாங்கள் மூன்று பேரும் அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் வெறும் குச்சியை நீட்டியபடி மண்டிபோட்டிருந்தேன். ஒரு மாமனாரை அடித்துக் கொன்று, இன்னொரு மாமனாரைத் தொலைத்தும்விட்டேன்.

“மாப்ள,” அத்தையின் குரல் கேட்டது. எத்தனை நாளைக்கப்புறம்! “இதயா இம்புட்டு நாளா வளத்தீக?”

“ஆமா அத்தை.”

“மிக்சி ஜார்லயா?”

“பிளேடக் கழட்டிட்டேன் அத்தை.”

அத்தை சிரித்தார். சிரிப்பென்று பெரிதாக இல்லை, உதடு கோணியது. “உங்க மாமா இதுவா வருவாகண்டு நெசமாவே நம்புனீகளா? இந்தப் புழுவக் கண்டாலே செருப்பக் கழட்டுற மனுசன். போயும் போயும் இதுவாவா பொறப்பாக?”

செல்விக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. “பெறகு ஏம்மா அதுகூட உக்காந்து பேசுன?”

“பேசணும்ல?” என்றார் அத்தை. “வாக்கப்பட்டு வந்ததுலருந்து பேசியிருக்கேன்டி. திடீர்னு எப்புடி நிறுத்துறது? வெறும் நாக்காலியப் பாத்துப் பேசுனா கிறுக்கச்சிண்டு சொல்லுவீக. பூச்சிகிட்டப் பேசுனா, ஐயோ பாவம் பேசட்டும்ண்டு விட்டுருவீகள்ல. அதுவும் ‘ம்’முண்டு ஒரே எடத்துல நிக்கும். உங்கப்பாவும் அம்புட்டுத்தேன் சொல்லுவாக.”

அத்தை மடியில் கிடந்த சாம்பலை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அன்னைக்கும் பேசிக்கிட்டுத்தேன் இருந்தேன். எங்கக்கா வீட்டு ஆடு குட்டி போட்டதச் சொல்லிக்கிட்டு இருந்தேன். ‘ம்’முண்டு சத்தம் வரல. தூங்கிட்டாகண்டு நெனச்சேன். தூங்குற மனுசன எதுக்கு எழுப்பணும்ண்டு நானும் பேச்ச நிறுத்திட்டேன். நிறுத்தியிருக்கக் கூடாது. எத்தன குட்டிண்டு இன்னும் சொல்லல.”

அவர் அழுதார். மாமா போனதிலிருந்து அன்றைக்குத்தான் அழுதார். செல்வி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பாண்டி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. துடைக்க மிக்சி எதுவும் பக்கத்தில் இல்லை. காலியாக இருந்த மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். அழுகை ஓய்ந்த பிறகு கேட்டேன்.

“எத்தன குட்டி அத்தை?”

அத்தை என்னைப் பார்த்தார். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டார். “மூணு. அதுல ஒண்ணு சவலை.”

“ம்” என்றேன்.

“அதுக்குத் தாய்ப்பால் பத்தல. எங்கக்கா புட்டிப்பால் குடுத்துருக்கு.”

“ம்.”

அப்படியே போனது. ஆடு முடிந்து தண்ணீர் லாரி, தண்ணீர் லாரி முடிந்து எதிர்வீடு, மாமா போன நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்த அத்தனையும் வந்தது. வெயில் ஏறிவிட்டது. நடுவில் மூச்சு வாங்க நிறுத்தி, செல்வியைப் பார்த்து, “ஏண்டி, பசிக்குது, ஒரு தட்டுல சோறு போட்டுக் கொண்டா” என்றார். செல்வி உள்ளே ஓடினாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் என்றால் எனக்கு அங்கேதான் வேலை. “அப்பாவ அடிச்சுப்போட்டு அவுக வேலையையும் புடிச்சுக்கிட்டாப்ள” என்று பாண்டி ஊரெல்லாம் சொன்னான். செடியை அத்தை புழுக்களுக்கே விட்டுவிட்டார். தின்னட்டும், நமக்குப் பூ எதுக்கு என்பார். மழைக்குப் பிறகு தளிர்த்து, மறுபடி மொட்டையாகி, மறுபடி தளிர்க்கும். பகலில் அந்தப் பூச்சிகள் வரும், போகும். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் ஒன்று என் மூக்குக்கு நேரே வந்து நின்றது. கண்ணை இறுக மூடிக்கொண்டு “ம்” என்றேன். அத்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அத்தையும் போன தை மாசத்தில் போய்விட்டார். தூக்கத்திலேயே.

முப்பதாம் நாள் படையலில் உட்காரப் போனபோது பாண்டி என் கைகளைச் சோதனை போட்டான். வீட்டில் இருந்த பேப்பர், விசிறி, காலண்டர் எல்லாவற்றையும் காலையிலேயே எடுத்து மாடியில் வைத்துப் பூட்டியிருந்தான். “மச்சான், கைய மடியில வச்சுக்கங்க. அம்மா வர்ற நேரம்” என்றான். திருவாதவூர் பெரியம்மா, “அவனக் கட்டிப் போடுங்கடா” என்றார். பந்தலே சிரித்தது. செல்வியும் சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழ ஆரம்பித்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு வெயில் சாயும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எதுவும் வரவில்லை.

எல்லோரும் போன பிறகு வாசலுக்கு வந்தேன். இரண்டு நாற்காலிகளும் அப்படியே கிடந்தன. ஒன்றில் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். வாய் சும்மா இருக்கவில்லை.

“அத்தை, இன்னைக்குக் கறியில உப்பு கொஞ்சம் தூக்கல்” என்றேன்.

பின்னால் ஆள் நிற்கிற மாதிரி இருந்தது. செல்வி. குனிந்து என் இரண்டு கைகளையும் பார்த்தாள். “பேப்பர் ஒண்ணும் வச்சிருக்கலையே?” என்றாள். பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்து, காலை மடக்கிக்கொண்டு, எதிரே செடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெரியம்மாவுக்கு ரெண்டாவது தடவை கறி வச்சப்ப எலும்பே விழல. அதுல கோவம்” என்றேன்.

“ம்” என்றாள் செல்வி.